புதுச்சேரியில் புதுப்பித்துத் திறந்திருக்கும் பழைய மதுக்கூடத்திற்குக் கடலூரிலிருந்து குடும்பத்தோடு சென்று வருவது தகுமா?

தகும். ஆனால் மாலை ஐந்து மணிக்கே போய் அமர்ந்து, எட்டு மணிக்குள் எழுந்துவிடும்படி திட்டமிட்டுக்கொள்ளுங்கள். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கடலூர்க்காரன். சென்ற மாதம் என் அக்காள் கணவரான மாமாவோடும் என் மனைவியோடும் அங்கே போயிருந்தேன். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதியில் உள்ள அந்தக் கட்டடத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குளிர்சாதன பார் இருந்தது. நடுப்பகலிலும் இருட்டாக, பிளைவுட் தடுப்புகளும் தலையை இடிக்கும் ஃபால்ஸ் சீலிங்கும் சிகரெட் நாற்றம் ஏறிய திரைச்சீலைகளுமாக இருந்த அந்த இடத்தில் பெண்கள் கால் வைப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. இன்று என் மனைவி அங்கே நிம்மதியாக அமர்ந்து எலுமிச்சைச் சாறு அருந்தினாள், சுத்தமான கழிப்பறைக்குப் போய்வந்தாள். புதுப்பித்தவர்களுக்கு இதற்காகவே நன்றி சொல்லலாம்.

அந்த ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்ததும் உள்ளே ஒளிந்திருந்த மெட்ராஸ் டெரஸ் கூரை வெளியே வந்திருக்கிறது. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாக்கான வரிசைகளாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டிய கூரை அது. எங்கள் மேசைக்கு நேர் மேலே இருந்த விட்டத்தில் கரையான் அரித்த நுனியை மட்டும் அறுத்துவிட்டுப் புதுத் தேக்கைப் பொருத்தியிருந்தார்கள். பழைய மரம் கருத்தும் புதிய மரம் தேன் நிறத்திலும் இருக்க, சாயம் பூசி அந்த வேறுபாட்டை மறைக்காமல் விட்டிருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. வேலை தெரிந்த ஆசாரியின் கை அதில் தெரிந்தது.

குறை ஒலியில்தான். திரைச்சீலை, மெத்தை நாற்காலி, தாழ்ந்த கூரை ஆகியவையெல்லாம் முன்பு சத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. இப்போது உயர்ந்த கூரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், கண்ணாடிக் கதவு, கல் தரை என்று எங்கும் கடினமான பரப்புகளே இருப்பதால், எழும் ஒலி அடங்காமல் சுவருக்குச் சுவர் திரும்பிக்கொண்டே இருக்கிறது. எட்டு மணிக்குப் பாட்டின் ஒலியையும் கூட்டிவிட்டார்கள். "என்னப்பா சொல்ற, ஒண்ணும் காதுல விழலையே" என்று மாமா மூன்று முறை கேட்டார். அவர் மகளின் திருமணப் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதைப் பாதியில் விட்டுவிட்டு எழ வேண்டியதாயிற்று. நாலு பேர் உட்கார்ந்து பேசுவதற்காகவே இப்படியோர் இடத்தைத் தேடிப் போகிறோம் என்பதை, இவ்வளவு செலவிட்டுக் கட்டியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். திறந்த முற்றத்தில் போட்டிருக்கும் நான்கு மேசைகளில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

பானங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பீர் நல்ல குளிர்ச்சியாக இருந்தது, விஸ்கியை என் கண்ணெதிரே அளந்து ஊற்றினார்கள். சாப்பாடுதான் என்னை வியக்க வைத்தது. வடவம் போட்டு வதக்கிய இறால் கேளுங்கள். வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து உருட்டி வெயிலில் காயவைத்த நம் வீட்டு வடவம்தான்; அதைத்தான் பிரெஞ்சுச் சமையற்காரர்கள் வடூவன் என்று சொல்கிறார்கள். எண்ணெயில் அது பொரிந்து கருகுவதற்கு ஒரு நொடி முன்பு இறாலைப் போட்டிருக்கிறார்கள் என்பது வாசனையிலேயே தெரிந்தது. கடலூர் முதுநகர் மீனைத் தின்று வளர்ந்த என் நாக்குக்கு அதில் ஒரு குறையும் படவில்லை. வறுத்த வஞ்சிரத்தில் மட்டும் மாவு கூடுதல்.

பில் வந்ததும் நிதானமாகப் படியுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரிதான், உணவுக்குத்தான் ஜிஎஸ்டி. எங்கள் பில்லில் சேவைக் கட்டணத்தையும் தாமாகவே சேர்த்திருந்தார்கள். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்று சொன்னவுடன் நீக்கித் தந்தார்கள். பரிமாறிய பையனுக்கு அந்தப் பணத்தைக் கையிலேயே கொடுத்தோம்.

திரும்பும் வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடித்தவர் வண்டி ஓட்டவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பாயும். மாமா குடிப்பதில்லை, அவர்தான் ஓட்டினார். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இல்லையென்றால் பேருந்தில் வாருங்கள். விலை குறைவு என்று புட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்ட வேண்டாம். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம், சோதனைச் சாவடியில் குடும்பத்தோடு நிற்க நேரும். புதுச்சேரியில் 18 வயதானால் குடிக்கலாம் என்று கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதை நான் விரும்பமாட்டேன். நம் பக்கம் 21 வயது என்று வைத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்த மாதம் அக்காவையும் அழைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மறுபடி போகிறோம். முற்றத்து மேசை ஒன்றைத் தொலைபேசியில் சொல்லி வைத்திருக்கிறேன். பாதியில் நின்ற கல்யாணப் பேச்சை அங்கேதான் முடிக்க வேண்டும்.