தெருவில் நிற்கும் வண்டியில் கருவிகள்: எதை முதலில் செய்ய வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் ஏசி பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். சரக்கு வாகனமாகப் பதிவு செய்த என் ஈகோ கார்கோ வேன் இரவில் வீட்டுக்கு முன்னால் தெருவில்தான் நிற்கிறது. வேக்கம் பம்ப், கேஜ், ஹாமர் டிரில், கேஸ் சிலிண்டர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு பிளம்பரின் வண்டியை உடைத்துக் கருவிகளை எடுத்துப் போய்விட்டார்கள். அதிகச் செலவில்லாமல் நான் எதை முதலில் செய்ய வேண்டும்? வண்டி இன்சூரன்ஸில் கருவிகளுக்கும் பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பலரும் இதை நம்பித்தான் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் காப்பீடு முழுமையானதாகவே இருந்தாலும், வண்டியையும் அதில் பொருத்திய துணைப் பாகங்களையும் மட்டுமே காக்கும். உள்ளே வைத்திருக்கும் தொழில் கருவிகள் அதில் அடங்கா. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் வண்டியே களவு போனாலும் இழப்பீடு இல்லை. கருவிகளுக்குத் தனிப் பாலிசி எடுப்பதென்றால், ஆளில்லாமல் நிறுத்திய வண்டியிலிருந்து திருடப்பட்டாலும் ஈடு உண்டா, இரவு நேரத்துக்கு விலக்கு உண்டா என்ற இரண்டையும் பாலிசி ஆவணத்திலேயே படித்துப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

முதலில் செய்ய வேண்டிய வேலைக்குச் செலவே இல்லை. இன்று மாலையே கருவிகளை வெளியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் தகட்டிலும் உள்ள வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, வாங்கிய பில்லின் படத்தோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். பூட்டைவிட இதற்கு நான் முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பூட்டு திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். போலீஸ் ஒரு திருடனைப் பிடித்து பத்து டிரில்லிங் மெஷின்களைக் கைப்பற்றும்போது, அவற்றில் எது உங்களுடையது என்று நீதிமன்றத்தில் காட்டி மீட்க அந்த எண்தான் உதவும். ஒட்டிய எண்ணை உரித்துவிடலாம் என்பதால், உங்கள் கைப்பேசி எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களைக் கருவியின் உடலில் இரண்டு இடங்களில், ஒன்றை எளிதில் கண்ணில் படாத இடத்தில், பொறித்து வையுங்கள்.

அடுத்தது, இரவில் வண்டியில் எதை விட்டுவைப்பது என்பது. வேக்கம் பம்ப், கேஜ், டிரில், கிளாம்ப் மீட்டர் போன்றவை விலை அதிகமானவை, கையில் தூக்கிச் செல்லக்கூடியவை, சந்தையில் உடனே விலை போகக்கூடியவை. இவை ஒரே பெட்டியில் இருந்தால் தினமும் வீட்டுக்குள் கொண்டுபோவது ஒரு நடையில் முடிந்துவிடும். சிலிண்டர்களை மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். ஏசியில் நிரப்பும் ஆர்-32, ஆர்-290 இரண்டும் தீப்பற்றும் வாயுக்கள், காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே அவற்றை மூடிய அறையில், குறிப்பாகக் குடும்பத்தார் தூங்கும் இடத்தில், வைக்கக் கூடாது. காற்றோட்டமான திறந்த இடத்தில் நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வையுங்கள்.

பூட்டைப் பொறுத்தவரை, விலையுயர்ந்த பூட்டை வாங்கி மெல்லிய கொண்டியில் மாட்டுவதால் பயனில்லை. நெம்புகோலுக்கு உடைவது பூட்டல்ல, கொண்டியும் அதைப் பிடித்திருக்கும் திருகுகளும்தான். வெல்டிங் பட்டறையில் தடித்த தகட்டில் கொண்டி செய்து, போல்ட்டின் நட்டு கதவின் உட்பக்கம் வருமாறு, பின்னால் ஒரு பட்டையும் கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். பூட்டின் வளையம் வெளியே அதிகம் தெரியாத வட்டப் பூட்டாக இருந்தால் கட்டரின் வாய் நுழையாது. பின்கதவுக்கும் இரு பக்க நகர்வுக் கதவுகளுக்கும் சேர்த்தே இதைச் செய்ய வேண்டும். பின்கதவைச் சுவரை ஒட்டி நிறுத்த முடிந்தால் அந்தப் பக்கத்துக் கவலை பெருமளவு குறையும்.

வண்டியே போகாமலிருக்க, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் மறைவான சுவிட்ச் ஒன்றை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பொருத்திக்கொள்ளலாம். ஜிபிஎஸ் கருவி வாங்கினால், அதற்குள்ளேயே தனி பேட்டரி இருப்பதாகப் பாருங்கள். இல்லையெனில் அந்த சுவிட்சை அணைத்ததும் அதுவும் அணைந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாமல் படமெடுத்துவிட்டு, அன்றே காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டு 303ஆம் பிரிவில் வருகிறது; பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியாத குற்றமாக அது கருதப்படலாம். சரக்கு ஏற்றும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவதோ 305ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே வண்டி சரக்கு வாகனமாகப் பதிவானது என்பதையும், கருவிகள் அதற்குள் பூட்டப்பட்டிருந்தன என்பதையும், ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் வாங்கிய விலையையும் மனுவில் மறக்காமல் எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. பதிய மறுத்தால், மனுவின் சாரத்தை எழுத்து மூலம் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வண்டியே போயிருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். அவர்கள் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள் என்பதால், மாற்றுச் சாவியை வண்டிக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.