ஸ்லாஷ் கதைக்கு வந்த வாசகர் கடிதங்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஊடகவியல் முதுகலை ஆய்வுக்காக, 1980களில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ரசிகர் இதழின் நான்கு இதழ்களை ஸ்கேன் வடிவில் வைத்திருக்கிறேன். ஸ்டார் ட்ரெக், ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச், பிளேக்ஸ் 7, தி புரொஃபஷனல்ஸ் என்று பல தொடர்களின் ரசிகர் கதைகள் கலந்து வருகின்றன. நாயகர்கள் இருவரைக் காதலர்களாக்கும் ஸ்லாஷ் கதைகளும் உண்டு. வாசகர் கடிதங்களில் பாதி புகழ்மழை, பாதி கோபம். வாசகர்கள் ஸ்லாஷை ஏற்றார்களா, எதிர்த்தார்களா என்று இவற்றை வைத்து எழுதலாமா?

பதில்: அந்த இரண்டு பெட்டிகளில் கடிதங்களைப் போட்டால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். இந்த இதழ்களில் எழுதியவர்களுக்குச் சன்மானம் கிடையாது. பெரும்பாலும் ஓர் இலவசப் பிரதி, அவ்வளவுதான். எல்.ஓ.சி. என்று ரசிகர்கள் சுருக்கிச் சொன்ன வாசகர் கடிதம்தான் எழுதியவருக்குக் கிடைத்த கூலி. கடிதம் வராவிட்டால் அடுத்த கதை வராது என்பது வாங்குபவருக்கும் தெரியும். ஆகவே 'எல்லாக் கதையும் அருமை' என்ற இரண்டு வரிக் கடிதத்தை ஸ்லாஷுக்கு விழுந்த ஆதரவு வாக்காக எண்ண வேண்டாம். கதையின் ஒரு காட்சியையோ ஓர் உரையாடலையோ எடுத்துப் பேசும் கடிதங்களைத் தனியே பிரித்து, அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கோபக் கடிதங்களில்தான் வேலை அதிகம். முதலில் பார்க்க வேண்டியது கடிதத்தை அல்ல, அந்த இதழுக்கு வந்த விளம்பரத் துண்டறிக்கையை. வாசகர்கள் இதழைப் பார்க்காமலே, துண்டறிக்கையை நம்பி, தபாலில் முன்பணம் கட்டி வாங்கினார்கள். 'ஸ்லாஷ் உண்டு' என்ற குறிப்பு அதில் இல்லாமல் உள்ளே கதை இருந்திருந்தால், வரும் கோபம் பெரும்பாலும் வாங்கிய பொருள் வேறாக இருந்ததால் வரும் கோபம். குறிப்பு தெளிவாக இருந்தும், வயதுவந்தவர் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டு வாங்கியும் ஒருவர் திட்டுகிறார் என்றால் அது வேறு ரகம். இரண்டையும் 'எதிர்ப்பு' என்று ஒரே எண்ணிக்கையில் சேர்த்தால் முடிவு தலைகீழாகும். ஒரு தொடருக்கான இதழைவிடப் பல்தொடர் இதழில் இந்தச் சிக்கல் கூடுதல்; பிளேக்ஸ் 7 சாகசக் கதைக்காக வாங்கியவர் கையில் புரொஃபஷனல்ஸ் காதல் கதையும் சேர்ந்தே வந்து சேரும். ஸ்லாஷை மட்டும் தனி இதழாகப் பிரித்துப் போடும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, கடிதம் எழுதியவர் அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறாரா? தி புரொஃபஷனல்ஸ் 1977 முதல் 1983 வரை பிரிட்டனில் ஓடியது. அமெரிக்காவில் பரவலாக ஒளிபரப்பாகவில்லை. அங்குள்ள ரசிகர்கள் நகலின் நகலாக வந்த வீடியோ கேசட்டில்தான் பார்த்தார்கள். பிரிட்டனின் பால் (PAL) என்ற வீடியோ முறையில் பதிந்த கேசட் அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. (NTSC) முறைக் கருவியில் ஓடாது, மாற்றிப் பதிய வேண்டும். ஒவ்வொரு நகலுக்கும் படம் மங்கும். தொடரைப் பார்க்கும் முன்பே கதைகளைப் படித்துப் பாத்திரங்களை அறிந்தவர்கள் அங்கே நிறைய. அப்படிப்பட்டவர் 'பாத்திரம் பிசகவே இல்லை' என்று எழுதினால், அவர் ஒப்பிடுவது மற்ற ரசிகர் கதைகளோடு. ஸ்டார் ட்ரெக் வாசகர் 'இது என் ஸ்பாக் இல்லை' என்றால் அவர் மனத்தில் இருப்பது தொலைக்காட்சியில் வந்த ஸ்பாக்.

பாத்திரப் பிசகு என்ற குற்றச்சாட்டை அப்படியே நம்பவும் கூடாது. ஸ்லாஷ் பிடிக்காது என்று நேராகச் சொல்லத் தயங்கியவர்களுக்கும் அது வசதியான மொழி. அதே வாசகர் அதே இதழில் உள்ள ஸ்லாஷ் அல்லாத கதைக்கு என்ன எழுதினார் என்று பாருங்கள்; அங்கே பாத்திரப் பிசகைப் பொறுத்துக்கொண்டவர் இங்கே மட்டும் பொங்கினால் காரணம் வேறு.

மற்ற ஆட்சேபங்கள் பல திசைகளில் போகும். நடிகர்கள் கண்ணில் பட்டால் என்னாகும், ஸ்டூடியோ வழக்குப் போடுமா என்ற பயம் ஒன்று. பெண் பாத்திரங்களை வழியிலிருந்து அகற்றவே கொல்கிறார்கள் என்பது இன்னொன்று. முன்னெச்சரிக்கை இல்லாமல் நாயகனைச் சாகடித்த கதைக்கு வரும் ஆத்திரம் தனி வகை. அதற்கும் ஸ்லாஷுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். 'நாங்கள் தன்பாலின ஈர்ப்பாளர்கள் இல்லை, இவனை மட்டும்தான் காதலிக்கிறேன்' என்று நாயகனைப் பேசவைக்கும் கதைகளை விமர்சித்தவர்கள் ஸ்லாஷின் எதிரிகள் அல்லர். இன்னும் நேர்மையான ஸ்லாஷ் கேட்டவர்கள். இவர்களை எதிர்ப்பாளர் பட்டியலில் சேர்ப்பதுதான் பலர் செய்யும் பெரிய பிழை.

இல்லாததையும் எச்சரிக்கையாகப் படியுங்கள். உங்கள் இதழ்களில் ஸ்டார் வார்ஸ் ஸ்லாஷ் இல்லையென்றால் வாசகர் விரும்பவில்லை என்று பொருளல்ல. வெளிப்படையான பாலியல் கதைகளை ஏற்க மாட்டோம் என்று 1981இல் ஸ்டார் வார்ஸை எடுத்த லூகாஸ்ஃபிலிம் தரப்பிலிருந்து ரசிகர் இதழ்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. அதன்பின் பதிப்பாசிரியர்கள் ஒதுங்கியதில் வியப்பில்லை.

பதிவுக்கு ஒரு விரிதாள் போதும். கடிதத்துக்கு ஒரு வரிசை என்று வைக்காதீர்கள். கடிதத்தில் பேசப்படும் ஒவ்வொரு கதைக்கும் ஒரு வரிசை வையுங்கள். இதழ் எண், கதை, தொடர், வரிகளின் எண்ணிக்கை, தொடரைப் பார்த்தவரா, ஆட்சேபத்தின் வகை, பதிப்பாசிரியர் பதில் ஆகியவை பத்திகளாகட்டும். முதல் 20 வரிசைகளை இன்னொருவரும் தனியாக வகைப்படுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே முரண்படுகிறீர்களோ அங்கே உங்கள் வகைகளின் வரையறை மங்கல். இதழ் தேதியைக் கடிதத்தின் தேதியாக எடுக்க வேண்டாம்: கடிதம் அடுத்த இதழில்தான் அச்சாகும், அது வர ஓராண்டும் ஆகலாம். அச்சானவை பதிப்பாசிரியர் தேர்ந்து வெட்டியவை என்பதால், 'இந்த இதழ் அச்சிட்ட கடிதங்களில்' என்பதைத் தாண்டி உங்கள் வாக்கியம் போகக் கூடாது.

சொல் தேடலை நம்பினால் ஏமாற்றம்தான். கிர்க்–ஸ்பாக் காதல் கதைகளைக் குறிக்கும் கே/எஸ் (K/S) என்ற குறியின் சாய்கோட்டை, ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (OCR) மென்பொருள் ஆங்கில ஐ, எல் எழுத்துகளாகவோ 1 என்றோ படித்துவிடும். அந்த வடிவங்களையும் தேடுங்கள். பழைய கடிதங்களில் ஸ்லாஷ் என்ற சொல்லே இருக்காது. 'பிரெமிஸ்', 'அந்த உறவு' என்று மறைமுகமாகச் சொல்வார்கள். அச்சில் முதல் கிர்க்–ஸ்பாக் கதை என்று கருதப்படும் 1974ஆம் ஆண்டுக் குறுங்கதையிலேயே இருவரின் பெயரும் இல்லை.

துண்டறிக்கைகளுக்கு ஐயோவா பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்புகளையும், ரசிகர் வரலாற்றைத் தொகுக்கும் ஃபேன்லோர் விக்கியில் அந்த இதழுக்கான பக்கத்தையும் பாருங்கள். அதே காலத்து மற்ற ரசிகர் இதழ்களின் பின்பக்கங்களிலும் விளம்பரம் அச்சாகியிருக்கும்.

கடிதங்களுக்குக் கீழே முழுப் பெயரும் சில இடங்களில் வீட்டு முகவரியும் இருக்கும். எழுதியவர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். சில நூறு பேர் படிக்கும் இதழ் என்று நம்பித்தான் எழுதினார்கள். ஆய்வில் குறியீட்டுப் பெயர் கொடுங்கள், நீண்ட மேற்கோளுக்கு முடிந்தவரை அனுமதி கேளுங்கள். ஸ்கேனை இணைப்பாகத் தருவதாக இருந்தால், பெயர்மேல் கறுப்புப் பட்டை வரைவது போதாது: பிடிஎஃப் கோப்பில் எழுத்துணரி சேர்த்த எழுத்து அடுக்கு அடியில் அப்படியே கிடக்கும், நகலெடுத்து ஒட்டினால் வெளியே வரும். பட்டை போட்ட பக்கத்தைப் படமாக மாற்றி, அதிலிருந்து புதுக் கோப்பு உருவாக்குங்கள்.