வீட்டிலேயே கையால் பேஸ் கிட்டார் செய்ய முடியுமா? கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியுமா?

செய்யலாம். ஆனால் மலிவாக முடியாது. இவ்வளவுதான் தெரிய வேண்டும் என்றால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

டியூனர் (ஸ்ட்ரிங்கை முறுக்கிச் சுருதி சேர்ப்பது), பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்குவது), பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), டிரஸ் ராட் (நெக்குக்குள் போகும் இரும்புக் கம்பி), ஃப்ரெட் கம்பி (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதிப்பது), ஒரு செட் ஸ்ட்ரிங்ஸ் என்று மரத்தைத் தொடும் முன்பே ஆகும் செலவு, தொடக்கநிலை பேஸ் (அடிச் சுரங்கள் வாசிக்கும் நாலு ஸ்ட்ரிங் கிட்டார்) ஒன்றின் விலையை நெருங்கிவிடும். ரவுட்டர் (மரத்தில் குழி எடுக்கும் மெஷின்), கிளாம்ப், அரம் எல்லாம் தனிக் கணக்கு. பழைய கதவை அறுத்துச் செலவே இல்லாமல் கிட்டார் செய்தவர்களின் வீடியோவை யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த வீடியோவில் அவர் முதுகுக்குப் பின்னால் என்னென்ன மெஷின் நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

நான் குன்னூர்க்காரன். டீ ஃபேக்டரியில் மெக்கானிக் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஷெட்தான் பட்டறை. கேள்வியில் நீங்கள் ஊர் போடவில்லை. "பனிக்காலத்தில் பசை ஒட்டுமா" என்று கேட்டிருப்பதால் கொடைக்கானல் பக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். சமவெளிக்காரர் என்றால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

பசைக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை நல்ல குளிரில் ஒட்டாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பாக வெளுத்து உதிரும். ஒட்டும் வேலையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பசையையும் மரத்தையும் முந்தின இரவே வீட்டுக்குள் எடுத்து வந்துவிடுங்கள். அவ்வளவுதான், அது பெரிய விஷயமில்லை.

நான் ஏன் செய்தேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். என் அக்கா மகள் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறாள். அங்கே இருப்பது 34 அங்குல ஸ்கேல் பேஸ். ஸ்கேல் என்றால் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள நீளம். அவள் கை சின்னது. மிகத் தடித்த ஈ (E) ஸ்ட்ரிங்கில் தலைப்பக்கத்து ஃப்ரெட்களைப் பிடிக்கும்போது மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு வாசிப்பாள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். குட்டை ஸ்கேல் பேஸ் வாங்கலாம் என்று கீழே ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம், "பேஸ்னா 34தான் சார், பாப்பாவுக்கு யூகலேலி காட்டட்டுமா?" என்றார். பாப்பா அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் இசைக்குழுவில் வாசித்த ஹாஃப்னர் பேஸ் 30 அங்குலம். கிட்டார் செய்யும் ஃபெண்டர் கம்பெனியே 1966-ல் மஸ்டாங் என்று 30 அங்குல பேஸ் போட்டது. இதெல்லாம் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாமலே யூகலேலி என்ற குட்டிக் கிட்டாரை நீட்டுவதுதான் எரிச்சல். "வா, மாமா செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கோபத்தில் சொன்னதுதான், மறுக்கவில்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: கடையில் கிடைக்கும் அளவு உங்கள் கைக்கும் உடம்புக்கும் பொருந்தினால், கடையிலேயே வாங்குங்கள். பொருந்தாதவர்களுக்குத்தான் இந்த வேலை. "செலவை மிச்சம் பிடிக்கலாம்" என்று இறங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

நாலு அங்குலம் குறைந்தால் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை 34 அங்குல பேஸில் 178 மில்லிமீட்டர், 30 அங்குலத்தில் 157. இரண்டு சென்டிமீட்டர் மிச்சம். சின்னக் கைக்கு அது முழு ஒரு விரல். பதிலுக்கு ஒன்றை இழக்கிறோம்: அதே ஸ்ட்ரிங், அதே சுருதி என்றால் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறையும், ஈ ஸ்ட்ரிங் தொளதொளவென்று ஆடும். கொஞ்சம் தடித்த ஸ்ட்ரிங் போட்டுச் சமாளிக்கலாம்.

ஃப்ரெட் இடங்களைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் சுலபம். ஸ்கேல் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட். மீதமுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 30 அங்குலம் என்பது 762 மில்லிமீட்டர், எனவே முதல் ஃப்ரெட் 42.77-ல், இரண்டாவது 83.14-ல், பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 381-ல். என் சித்தப்பா அருவங்காடு கார்டைட் வெடிமருந்து ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தது ஒன்றுதான்: "முந்தின கோட்டிலிருந்து அளக்காதேடா, எல்லாத்தையும் நட்டிலிருந்தே அள." கோட்டுக்குக் கோடு அளந்தால் ஒவ்வொன்றிலும் வரும் சின்னப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். ரம்பம் ஆடாமல் நேராக இறங்க இரும்பில் ஒரு தாங்கியும் அவரே செய்து கொடுத்தார். ஃப்ரெட் கம்பி இறங்கும் ஸ்லாட்டின் அகலம் 0.6 மில்லிமீட்டர் அளவுதான், சாதாரண ரம்பம் உதவாது. இந்த ஒரு கருவியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது மரம். பாடிக்கு சில்வர் ஓக் போட்டேன். அதைச் சொன்னதும் வருபவர்களை எனக்குத் தெரியும்: "பேக்கிங் பெட்டி செய்யும் மரத்திலா?" என்பார்கள். ஐயா, டீத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்பதால் நமக்கு அது இளக்காரம். அந்த மரத்தின் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவில் சில்க்கி ஓக் என்று பெயர், நாற்காலி மேசைக்கு விரும்பி வாங்குவார்கள், கிட்டாரும் செய்கிறார்கள். அடிமரத்தை வட்டத்தின் மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் அறுக்கச் சொன்னால் பலகை முழுக்கப் புள்ளிபுள்ளியாக மின்னும் ரேகை வரும். மில்காரர் "சார், இப்படி அறுத்தா சேதாரம் அதிகம்" என்று முணுமுணுப்பார், விடாதீர்கள். எலக்ட்ரிக் பேஸில் மரம் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. லேசாக இருக்க வேண்டும், வெடிக்கக் கூடாது, திருகு பிடிக்க வேண்டும், என் எதிர்பார்ப்பு அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை: சில்வர் ஓக் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு இழையுங்கள்.

"தோட்டத்தில் நிற்கிறது, வெட்டிக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, சொந்த நிலமானாலும் அனுமதி வேண்டும். நான் வாங்கியது அனுமதியோடு வெட்டி மில்லுக்கு வந்த மரம். ஃப்ரெட் பதிக்கும் பலகையான ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரம். ஈட்டிக்கென்றே 1994-ம் வருடச் சட்டம் ஒன்று அப்போது இருந்தது, அதனால் புது மரத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. பாட்டி காலத்து ஈட்டிக் கட்டில் ஒன்று கால் உடைந்து பரணில் கிடந்தது, அதன் மரச்சட்டகத்தை எடுத்துக்கொண்டேன். எத்தனையோ மழையும் வெயிலும் பார்த்து அடங்கிப்போன மரம், இனி அது எங்கே வளையப் போகிறது? நெக்குக்கு, மேட்டுப்பாளையத்தில் வீடு இடித்த தேக்கு உத்திரம். மூன்று பட்டையாக அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினேன். ஒன்று வளையப் பார்த்தால் மற்றது இழுத்துப் பிடிக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முன் தின்னர் தொட்டுத் துடைக்காவிட்டால் பிடிக்காது.

இப்போது மலைக்காரருக்கு உண்மையான பிரச்சினை: ஈரம். உளி, இழைப்புளி, ரவுட்டர் வேலை எல்லாம் பழகினால் வந்துவிடும். காற்றில் இருக்கும் தண்ணீரை நாம் ஒன்றும் செய்ய முடியாது. குன்னூரில் ஐப்பசி கார்த்திகை மழையில் துணியே காயாது, பலகை எங்கே காயும்? காற்றில் உலர்த்தினால் ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுவான கணக்கு, அப்படிக் காய்ந்த பிறகும் இங்குள்ள காற்றுக்கு மரத்தில் ஈரம் கொஞ்சம் தங்கியே நிற்கும். மில்லில் "நல்லா சீசன் ஆன மரம்" என்று கொடுத்த பலகை வீட்டுக்கு வந்தபின் விளிம்பில் விரிசல் விட்டது. மில்காரரிடம் கேட்டால் "மலை மரம் அப்படித்தான் சார்" என்கிறார். ஈரமானி வாங்கலாம். இல்லையென்றால் பச்சை இலை எடை போடும் தராசிலேயே பலகையை வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால், அந்த இடத்தின் காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம்.

"டீ ஃபேக்டரியில்தானே இருக்கிறாய், இலை வாட்டும் மாடியில் போட்டால் காய்ந்துவிடுமே" என்று நண்பர்கள் யோசனை சொன்னார்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். தேக்கு வாசம் ஏறிய டீத்தூளை யார் ஏலத்தில் எடுப்பார்கள்? கேட்கக்கூட இல்லை. கோயம்புத்தூரில் அக்கா வீட்டு மொட்டை மாடி அறையில் கோடை முழுக்கப் பலகைகளை அடுக்கி வைத்தோம், இடையில் குச்சி வைத்து, காற்றுப் போக. எடை இறங்கியதைப் பார்த்து அக்காவே ஆச்சரியப்பட்டாள்.

வேலை முடிந்த பிறகும் இந்தக் கதை முடியாது. மரம் அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால் ஃப்ரெட்களின் கணக்கு கெடாது. ஆனால் கோடையில் கீழே ஒரு நிகழ்ச்சிக்குப் போய் வந்தபோது அக்கா மகள் "மாமா, கையைக் கீறுது" என்று கொண்டு வந்தாள். ஃப்ரெட்போர்டு சுருங்கியிருந்தது, உலோகம் சுருங்கவில்லை, முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. அரத்தால் தேய்த்தால் சரி. 34 அங்குல பேஸில் நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் நெக்கை இழுக்கும், 30-ல் குறைந்தாலும் 50 கிலோவுக்குக் கீழே வராது. அந்த இழுப்போடு ஈரமும் மாறினால் நெக் கொஞ்சம் வளையத்தான் செய்யும். அதற்குத்தான் டிரஸ் ராட். இரண்டு பக்கமும் திருப்பக்கூடியதாக வாங்குங்கள்.

லேசான பாடி, கனமான நெக் என்றால் தோளில் மாட்டியதும் தலைப்பக்கம் கீழே சாயும். பாடியின் மேல் கொம்பைப் பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை நீட்டி, வார் மாட்டும் பித்தானை அங்கே வைத்தால் சாயாது. கடை பேஸிலேயே பலவற்றில் இதைக் கவனிப்பதில்லை.

பாலிஷ். பழைய கிட்டார்களின் பளபளப்பு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். கார்டைட் வெடிமருந்திலும் அதே குடும்பத்துச் சரக்குதான், சித்தப்பாவுக்கு இதைக் கேட்டு ஒரே சிரிப்பு. "வாழ்நாள் பூரா அதோடதான் இருந்தேன், வீட்டுக்கும் வேணுமா" என்றார். அதற்காக இல்லை, மூடுபனியில் லேக்கர் அடித்தால் ஈரம் சிக்கி வெளுத்துவிடும் என்பதால் நான் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பிக்கப் வாங்கியதுதான். "அப்போ முழுசா கையால் செய்யலையே" என்பவர்கள் ஆணியையும் நீங்களே வார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பேஸின் கீழ் ஜி (G) சுரம் 49 ஹெர்ட்ஸ். எர்த்திங் சரியில்லாத மலை வீட்டில் அந்த ரீங்காரம் சுரத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். இரண்டாகப் பிரித்த கம்பிச் சுருள் உள்ள பிக்கப் வாங்கி, உள்குழி முழுக்கச் செப்புத்தாள் ஒட்டிவிடுங்கள்.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்து வீடு இப்போது ஹோம்ஸ்டே. நான் சாயங்காலம் கொஞ்ச நேரம் ரவுட்டர் ஓட்டினால் "கெஸ்ட் டிஸ்டர்ப் ஆகுறாங்க" என்று ஆள் வரும். சனிக்கிழமை இரவு கேம்ப் ஃபயர் போட்டு, பன்னிரண்டு மணிவரை ஸ்பீக்கர் அலறுவது மட்டும் கெஸ்டுக்குத் தாலாட்டு போலிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி கூடாது என்று நாடு முழுக்க விதி இருக்கிறது. கேட்டால் "டூரிஸம் இல்லாமல் மலை எப்படிப் பிழைக்கும்" என்கிறார்கள். மேல் சுரங்களைச் சுவர் தடுத்துவிடும், அடிச் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டிப் படுக்கைக்கே வரும். ஊரே பேஸைக் கேட்பது அந்த ஒரு நேரத்தில்தான், அதுவும் இந்த லட்சணத்தில். சர்ச்சில் மிக்ஸரில் உட்காரும் தம்பிகளோ முதலில் சத்தம் குறைப்பது அக்கா மகளின் பேஸ் சானலைத்தான். சரி, அதை விடுங்கள்.

வரைபடம் அனுப்புங்கள் என்று கேட்காதீர்கள். என்னுடையது அவள் கையைக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்துச் செய்தது, உங்களுக்கு உதவாது. ஃப்ரெட் கணக்கு மேலே இருக்கிறது. பலகையை இந்தக் கோடைக்கு முன்பே வாங்கி, இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ தடவி, வத்தலக்குண்டு பெரியகுளம் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டில் அடுக்கிவிடுங்கள். டியூனர் பிக்கப் எல்லாம் அடுத்த வருடம் ஆர்டர் போட்டால் போதும்.