உங்கள் வாய்க்காலில் எத்தனை கன அடி?

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கடைமடை கிராமம் எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு மூன்று ஏக்கரை நான்தான் பார்க்கிறேன். காவிரி பற்றி நிறையப் படித்திருக்கிறேன். 1924 ஒப்பந்தம், நடுவர் மன்றம், 2018 தீர்ப்பு, கர்நாடக எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி, எல்லாம் கேட்டால் சொல்வேன். போன மாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் முதல் முறையாக மைக் பிடித்தேன். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை என்றேன். "வரவே இல்லையா, குறைவா வருதா? எத்தனை கன அடி வருது?" என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். அடுத்துப் பேசியவர் சொன்னதில் பாதி தப்பு. கைத்தட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. விஷயம் தெரிந்து, பயப்படாமல் பேசுவது எப்படி? அது பிறவியிலேயே வர வேண்டுமா?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

பிறவியிலேயே வருவதில்லை. எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

இருபத்தைந்து வயதில் மன்னார்குடியில் ஒரு கூட்டத்தில் பேசினேன். "மேட்டூரில் பன்னிரண்டாயிரம் டிஎம்சி திறந்துவிட்டும் நம் வயலுக்கு வரவில்லை" என்று முழங்கினேன். யாரும் மறுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் ஓரமாகக் கூப்பிட்டார். மதகில் லஸ்கராக, அதாவது ஷட்டரை ஏற்றி இறக்கும் ஆளாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தம்பி, டிஎம்சிங்கறது இருப்பு, கன அடிங்கறது ஓட்டம். கல்லாவுல இருக்கறதையும் கைக்கு வர்றதையும் ஒண்ணாச் சொல்லலாமா?" என்றார். ஓட்டத்தைக் கன அடி என்று சொன்னால் வினாடிக்கு அத்தனை கன அடி என்று பொருள். மேட்டூர் அணை 120 அடி நிரம்பினாலே 93.47 டிஎம்சிதான். நான் பேசிய கணக்குக்கு அப்படி நூறு அணைகளுக்கு மேல் வேண்டும்.

அன்று ராத்திரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. வகுத்தால் 11,574. அதாவது வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் அணையில் ஒரு டிஎம்சி குறையும். இந்த எண்ணை எங்கேயாவது படித்திருந்தால் மறுவாரமே மறந்திருப்பேன். நானே வகுத்ததால் இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மறந்தாலும் மறுபடி வகுத்துக்கொள்வேன். மனப்பாடம் செய்தது ஒரு கேள்வி வந்ததும் கலைந்துவிடுகிறது. கை போட்ட கணக்கு கலைவதில்லை.

உங்களுக்குத் தொண்டை அடைத்த இடமும் இதுதான். உங்கள் படிப்பு பிலிகுண்டுலுவில் நிற்கிறது. அதிகாரி கேட்டது உங்கள் வயல் ஓரத்து வாய்க்காலை. கேள்வி தப்பில்லை. நீங்கள் அளந்ததில்லை, அவ்வளவுதான். அளந்துவிடலாம், ஒரு காலை நேரம் போதும்.

வாய்க்கால் நேராக ஓடும் இடமாகப் பார்த்து, கரையில் முப்பது அடிக்கு இரண்டு குச்சி நடுங்கள். அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஆழத்தை இரண்டு கரை ஓரத்திலும் நடுவிலுமாக ஏழெட்டு இடத்தில் பார்த்துச் சராசரி எடுங்கள். அப்புறம் ஒரு தென்னங்குரும்பையை மேல் குச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நடு ஓட்டத்தில் போடுங்கள். வைக்கோல், காய்ந்த இலையெல்லாம் வேண்டாம், காற்று தள்ளிவிடும். குரும்பை பாதிக்கு மேல் தண்ணீருக்குள் கிடப்பதால் ஓட்டத்தோடு போகும். ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்கு எத்தனை வினாடி என்று மூன்று தடவை பாருங்கள். நாலு அடி அகலம், முக்கால் அடி ஆழம், முப்பது அடிக்கு முப்பது வினாடி என்று வைத்துக்கொள்வோம். நாலை முக்காலால் பெருக்கினால் மூன்று சதுர அடி. வேகம் வினாடிக்கு ஓர் அடி. மேல்தண்ணீர் வேகமாகவும் அடித்தண்ணீர் மெதுவாகவும் ஓடுவதால் நூற்றுக்கு எண்பத்தைந்துதான் எடுக்க வேண்டும். ஆக, சுமார் இரண்டரை கன அடி.

ஒரு கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் ஏறக்குறைய பன்னிரண்டு ஏக்கரில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டலாம். இரண்டரை கன அடிக்கு முப்பது ஏக்கர். உங்கள் வாய்க்காலில் 300 ஏக்கர் பாசனம் என்றால், கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரப் பத்து நாள். வாய்க்காலிலேயே இழுத்துக்கொள்வதைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு. ஆடி வெயிலிலும் காற்றிலும் நட்ட வயலில் இரண்டு அங்குலம் பத்து நாள் நிற்குமா? நிற்காது. இதுதான் உங்கள் புகார். "தண்ணீர் வரவில்லை" என்றால் யாரும் தலையாட்டிவிட்டுப் போகலாம். "இந்தத் தேதியில் காலை ஏழு மணிக்கு இரண்டரை கன அடி வந்தது, எங்கள் ஆயக்கட்டு 300 ஏக்கர், வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் அன்றைக்கு எவ்வளவு விட்டீர்கள்?" என்று கேட்டால் அவர் பதிவேட்டைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த லஸ்கரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மறுநாள் அவர் வேலை பார்த்த மதகுக்கு என்னைக் கூட்டிப்போனார். மூன்று கண், அதாவது தண்ணீர் போக மூன்று திறப்பு, உள்ள மதகு. ஷட்டர் திருகில் கிரீஸ் போட்டுப் போட்டு இரும்பு பளபளத்தது. அளவுக்கோலில் பாசி படிந்த இடத்தைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு எண்ணைக் காட்டினார். எந்தக் கண்ணை எவ்வளவு ஏற்றினால் கீழே எந்த ஊரில் எப்போது தண்ணீர் ஏறும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். "இந்த வருஷம் சம்பாவுக்குத் தண்ணி தாங்குமா?" என்று கேட்டேன். "அது குடகு மழையைப் பொறுத்தது. எனக்குத் தெரியாது தம்பி. எனக்கு இந்த மூணு கண்ணுதான் தெரியும்" என்றார். தெரியாது என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. அதனாலேயே அவர் சொன்ன மற்றதை எல்லாம் நம்பினேன். கூட்டத்தில் கேட்டதற்குப் பதில் இல்லை என்றால் அதே குரலில் "அளக்கவில்லை, அடுத்த கூட்டத்துக்கு அளந்து வருகிறேன்" என்று சொல்லலாமே. உட்கார வேண்டியதில்லை.

சரி, உங்களுக்கு அடுத்துப் பேசிய அந்தச் சத்தக்காரருக்கு வருவோம். கைத்தட்டலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தப்பை உறுதியாகச் சொன்னால் கேட்டவன் வயல் போய்விடும், அதுதான் என் கவலை. எங்கள் சித்தப்பாவுக்குத் தாளடி நெல்லில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி விழுந்தது. வயல் நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடந்தது. மருந்துக் கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார் என்று பைரெத்ராய்டு வகை மருந்தை மேலாக்க அடித்தார். வட்டம் பெரிதானது. களையெடுக்க வந்த ஒரு அக்கா குனிந்து பயிரை விலக்கி, தூரை ரெண்டு தட்டுத் தட்டினார். பழுப்புப் பூச்சி தண்ணீரில் பொலபொலவென்று கொட்டியது. "பூச்சி அடியில இருக்கு, நீங்க தலையில அடிக்கிறீங்க" என்றார். அந்த வகை மருந்து பூச்சியைத் தின்னும் சிலந்தியைக் கொன்று புகையானைப் பெருக்கிவிடும். தண்ணீரை வடித்து, யூரியாவை நிறுத்தி, எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளி (பட்டம்) விட்டுக் காற்றும் வெளிச்சமும் அடிவரை போகச் செய்ய வேண்டும். அந்த அக்கா எந்த மேடையிலும் பேசியதில்லை. அன்றைக்கு வரப்பில் நின்ற ஆறு பேரும் அவர் சொன்னதைத்தான் கேட்டோம்.

நீங்கள் படித்தது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது டெல்டா விவசாயிகளின் சங்கம் ஒன்றுதான். அந்த வழக்கில்தான் 1990-ல் நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இருக்கிற சட்டத்தைப் படித்துக் கேட்டவர்கள் அவர்கள். உங்கள் படிப்பும் அந்த வழியில் வந்ததுதான். அதோடு குரும்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரல் நடுங்கினால் நடுங்கட்டும். ஊர்ப் பெயர், வாய்க்கால் பெயர், தேதி, அளவு, இந்த நாலையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பார்த்தே வாசியுங்கள். ஆண்கள் நிறைந்த அரங்கில் ஒரு பெண் எழுந்து அளவு சொல்வதைக் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் குறுக்கே பேசுவார்கள். பேசி முடிக்கட்டும், நீங்கள் விட்ட வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அளந்ததும் எழுதுங்கள். அகலம், ஆழம், குரும்பைக்கு எடுத்த வினாடி, மூன்றும் இருந்தால் போதும். நானும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்