பட்டியலில் மூன்றாவது பெயர்: தடகளம் கேள்வி - பதில்

போன இதழில் ஆசிய ஜூனியர் தடகளப் போட்டியைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கே ஒரு கட்டு கடிதம் வந்துவிட்டது. பெற்றோர்கள் எழுதியிருக்கிறார்கள், பி.டி. ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். முப்பது வருஷம் பள்ளி மைதானத்திலும், அதில் பாதிக்கு மேல் நீளம் தாண்டும் மணல் பிட் பக்கத்தில் கொடி பிடித்த நடுவராகவும் இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகன் டிசம்பரில் பிறந்தவன். அதே வருஷம் ஜனவரியில் பிறந்த பையன்களோடு சேர்த்துத்தான் ஓடவிடுகிறார்கள். ஆசியப் போட்டியிலும் இப்படித்தானா?
*ஒரு தாய், தேனி*

ஆமாம் அம்மா, அங்கேயும் இதே கணக்குதான். போட்டி நடக்கும் வருஷத்தின் டிசம்பர் 31 அன்று 20 வயது நிறைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். பள்ளி வயதில் பதினொரு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்து லேனில் நிற்பவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. ஹீட்ஸ் (தகுதி ஓட்டம்) வரிசையில் நிற்கும்போதே பார்த்தால் தெரியும்.

ஆனால் பிறந்த மாதம் முடிவை எழுதிவிடுவதில்லை. ஈட்டி எறியும் நம் நீரஜ் சோப்ரா பிறந்தது 1997 டிசம்பர் 24. அதே ஈட்டி எறியும் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் பிறந்தது அதே 1997 ஜனவரி 2. கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். 2016இல் இருவருக்கும் அதுதான் ஜூனியராக ஆடும் கடைசி வருஷம். ஒரே ஆசிய ஜூனியர் போட்டியில் இறங்கினார்கள், இளையவர்தான் முன்னால் வந்தார். உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள்.

நீரஜும் அர்ஷத்தும் ஜூனியராக இருந்தபோதே மோதியிருக்கிறார்கள் என்கிறான் என் நண்பன். யார் தங்கம் வாங்கினார்?
*வாசகர், திண்டுக்கல்*

இருவருமே வாங்கவில்லை! 2016 ஜூன், வியட்நாமின் ஹோ சி மின் நகரம். நீரஜ் 77.60 மீட்டர் எறிந்து வெள்ளி. அர்ஷத் 73.40 மீட்டர், வெண்கலம். இன்றைக்கு அந்தப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒலிம்பிக் தங்கம் வாங்கப்போகிற இரண்டு பேர் இரண்டாம் வரியிலும் மூன்றாம் வரியிலும் நிற்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் பிப்ரவரியில் குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பெரியவர்களோடு போட்டியிட்டு நீரஜ் 82.23 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியிருந்தார். அங்கேயும் அர்ஷத் வெண்கலம்தான், 78.33. நான்கு மாதம் கழித்து, தன் வயதுக்காரர்களோடு மோதும்போது நீரஜின் தூரம் நாலரை மீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறது. அர்ஷத்துக்கும் ஏறக்குறைய ஐந்து மீட்டர் குறைவு. அன்று ஒரு பயிற்சியாளர் அந்தத் தாளை மட்டும் பார்த்திருந்தால், "பையன் இறங்குமுகம்" என்று எழுதிவைத்திருப்பார்.

ஏறக்குறைய ஏழே வாரம்தான் ஆகியிருந்தது. ஜூலை 23, போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் உலக ஜூனியர் போட்டி. நீரஜ் 86.48 மீட்டர். தங்கம் மட்டுமில்லை, அந்த வயதுப் பிரிவில் உலக சாதனை. அதுவரை லாட்வியாவின் சிக்கிஸ்முண்ட்ஸ் சிர்மைஸ் 2011இல் எறிந்த 84.69தான் சாதனை. தடகளத்தில் எந்த வயதுப் பிரிவிலும் உலக சாதனை படைத்த முதல் இந்தியர் நீரஜ்தான்.

எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ரியோ ஒலிம்பிக்குக்கு ஈட்டி எறிதலில் தகுதித் தூரம் 83 மீட்டர். அதை எட்டக் கடைசித் தேதி ஜூலை 11. பன்னிரண்டே நாள் பிந்தியது அந்த எறி. ரியோவில் வெண்கலம் போன தூரம் 85.38. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அர்ஷத்தின் கதை வேறு மாதிரி. பிட்கோஷ்ச்சில் அவர் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் நீரஜ் 88.17, அர்ஷத் 87.82. வித்தியாசம் முப்பத்தைந்து சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. 2024 ஆகஸ்ட் 8, பாரிஸ். அர்ஷத் 92.97, ஒலிம்பிக் சாதனையோடு தங்கம். நீரஜ் 89.45, வெள்ளி. எட்டு வருஷத்துக்கு முன் நான்கு மீட்டர் இருபது சென்டிமீட்டர் பின்னால் நின்ற பையன், அன்று மூன்றரை மீட்டர் முன்னால் நின்றான். பாரிஸ் இறுதிச் சுற்றை நள்ளிரவில் உட்கார்ந்து பார்த்தேன். நீரஜுக்காகத் துக்கப்பட்டேன், அர்ஷத்துக்காகக் கண் கலங்கினேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

அதனால்தான் ஜூனியர் போட்டி முடிவு வந்தால் நான் தங்கத்தோடு நிறுத்துவதில்லை. எட்டாவது பெயர் வரை படிப்பேன்.

ஜூனியர்களுக்குக் கொடுக்கும் குண்டு, வட்டு எல்லாம் எடை குறைவு என்கிறார்களே, அப்படியானால் அந்தச் சாதனைக்கு என்ன மதிப்பு?
*கல்லூரி மாணவர், சேலம்*

பையன்களுக்குச் சிலவற்றில் குறைவு. குண்டு 6 கிலோ (பெரியவர்களுக்கு 7.26), வட்டு 1.75 கிலோ (பெரியவர்களுக்கு 2), சங்கிலிக் குண்டும் 6 கிலோ. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரமும் 106.7 சென்டிமீட்டருக்குப் பதில் 99.1. ஆனால் ஈட்டி அதே 800 கிராம். நீரஜின் 86.48ஐப் பெரியவர்களின் பட்டியலில் அப்படியே வைத்துப் பார்க்கலாம் என்பது இதனால்தான். பெண்களுக்கு 20 வயதுக்குட்பட்ட பிரிவில் எந்தக் கருவியிலும் எடைக் குறைப்பே கிடையாது. பெண் பிள்ளைகளின் ஜூனியர் தூரங்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் நாட்டில் ஆசிய ஜூனியர் போட்டி நடந்ததா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

நடந்தது ஐயா. 2012 ஜூன் மாதம், கொழும்பு சுகததாச மைதானம். முதல் ஆசிய ஜூனியர் போட்டி 1986இல் ஜகார்த்தாவில் தொடங்கியது. சென்னையில் 2024 செப்டம்பரில் நடந்தது தெற்காசிய ஜூனியர் போட்டி, அது வேறு. அதில் 100 மீட்டரை 11.77 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கியவர் நம்ம தமிழ்நாட்டு அபிநயா ராஜராஜன்.

ஐரோப்பாவிலும் இப்படி ஜூனியர் போட்டி உண்டா? அங்கே ஜெயித்தவர்கள்தான் பிறகு ஒலிம்பிக்கிலும் ஜெயிக்கிறார்களா?
*ஆசிரியை, மதுரை*

உண்டு, நம்மைவிட முந்தியே தொடங்கிவிட்டார்கள், 1970இல். சிலர் சின்ன வயதிலேயே தெரிந்துவிடுவார்கள். 2017இல் இத்தாலியின் குரோசெட்டோவில் ஸ்வீடனின் 17 வயது டுப்ளாண்டிஸ் கோலூன்றித் தாண்டுதலில் 5.65 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அதே மைதானத்தில் நார்வேயின் யாக்கோப் இங்கெபிரிக்ட்சன், வயது 16, 5000 மீட்டரிலும் 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸிலும் (தடையும் நீர்க்குழியும் தாண்டி ஓடும் ஓட்டம்) தங்கம். இருவரும் பின்னால் ஒலிம்பிக் தங்கமும் வாங்கியது உலகத்துக்கே தெரியும்.

எனக்குப் பிடித்த ஜோடி வேறு. டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் கத்தாரின் முதாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் 2.37 மீட்டரில் சமமாக நின்று தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்களே, நினைவிருக்கிறதா? பர்ஷிம் 2010இல் ஹனோயில் ஆசிய ஜூனியர் சாம்பியன், 2.31 தாண்டினார். தம்பேரி 2011இல் தாலின் நகரில் ஐரோப்பிய ஜூனியர் வெண்கலம்தான். ஒருவர் கண்டத்தின் தங்கம், இன்னொருவர் கண்டத்தின் வெண்கலம். பத்து வருஷம் கழித்து ஒரே படியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பிறப்புச் சான்றிதழில் இரண்டு வருஷம் குறைத்தால் மாநில மெடல் நிச்சயம், அப்புறம் ஆசிய ஜூனியர் வரை போகலாம்" என்று என் மகனின் பயிற்சியாளர் சொல்கிறார். குழப்பமாக இருக்கிறது.
*பெயர் வேண்டாம்*

குழப்பமே வேண்டாம். செய்யாதீர்கள். அந்தப் பயிற்சியாளரிடமிருந்து மகனை இந்த வாரமே விலக்கிவிடுங்கள்.

முதலில் மாட்டிக்கொள்வீர்கள். இப்போது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்க்கிறார்கள், பொய் என்று தெரிந்தால் தடை. ஆனால் மாட்டிக்கொள்வது இதில் சின்ன நஷ்டம். பல வருஷத்துக்கு முன் ஒரு போட்டியில் 14 வயதுப் பிரிவில் ஓடிய பையன் ஒருவன், இரண்டு வருஷம் கழித்து மறுபடி அதே பிரிவில் வந்து நின்றான். காதுக்குப் பின்னால் இருந்த தழும்பை வைத்து நான் அடையாளம் கண்டுகொண்டேன். தனியே கூப்பிட்டு, "தம்பி, உன் உண்மையான வயசு என்ன?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் ஸ்பைக்ஸின் லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டே இருந்தான். பொய் சொல்லச் சொன்னது அவன் இல்லை, பெரியவர்கள். அன்று அவன் ஓடவில்லை. அதற்குப் பிறகு அவனை எந்த மைதானத்திலும் நான் பார்க்கவில்லை.

இரண்டு வயது சின்னவர்களை ஜெயித்துப் பழகிய பிள்ளைக்கு, முட்டி மோதி ஓடக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. இருபது வயது தாண்டியதும் சமமானவர்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அப்போது அவனிடம் ஒன்றும் இருக்காது. உங்கள் மகன் உண்மையான வயதில் ஆறாவதாக வரட்டும். அந்த ஆறாம் இடம் அவனுடையது.

மாநிலப் போட்டி நீளம் தாண்டுதலில் நான்காம் இடம். மூன்று சென்டிமீட்டரில் வெண்கலம் போய்விட்டது. ஒரு வாரமாக அழுகிறேன். விட்டுவிடலாமா சார்?
*பத்தாம் வகுப்பு மாணவி, விழுப்புரம்*

அழுததில் தப்பில்லை அம்மா. மூன்று சென்டிமீட்டர் எவ்வளவு என்பது டேப்பைப் பிடித்தவனுக்குத் தெரியும். என் இரண்டு விரல் அகலம்.

நீளம் தாண்டும் பாலக்காட்டு ஸ்ரீசங்கரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய அம்மா பிஜிமோள் 1992 ஆசிய ஜூனியர் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி வாங்கியவர். மகன் 2018 மார்ச்சில் 7.99 மீட்டர் தாண்டினார். ஏப்ரலில் காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் குடல்வால் அழற்சி வந்து, போட்டியே போனது. ஜூன் மாதம் ஜப்பானின் கிஃபு நகரில் ஆசிய ஜூனியர். உடம்பு தேறியும் தேறாமலும் இறங்கி 7.47 தாண்டினார், வெண்கலம். அரை மீட்டருக்கு மேல் குறைவு. அதே வருஷம் செப்டம்பரில் புவனேஸ்வரில் 8.20, தேசிய சாதனை.

இன்னும் கேளுங்கள். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த். ஸ்ரீசங்கர் 8.08. தங்கம் வாங்கிய பஹாமாஸ் வீரர் நைர்னும் அதே 8.08. ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. சமமாக வந்தால் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பார்கள். அவருக்கு 7.98, நம்மவருக்கு 7.84. வெள்ளி. உங்களுக்கு மூன்று சென்டிமீட்டராவது இருந்தது.

இப்போது உங்கள் மூன்று சென்டிமீட்டருக்கு வருவோம். இறங்கும்போது கை பின்னால் ஊன்றுகிறது என்று உங்கள் ஆசிரியர் சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது. பிட் ஓரம் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குதிகால் மண்ணில் அழகாக இரண்டு குழி போட்டிருக்கும். அதற்கு ஒரு சாண் பின்னால் உள்ளங்கை பதிந்த தடம் ஒன்று இருக்கும், ஐந்து விரலும் தெரியும். கால் ஊன்றித் தாண்டும் பலகைக்கு மிக அருகில் உள்ள தடத்தில்தான் நடுவர் ஆணியைக் குத்துவார், அதிலிருந்துதான் அளப்பார். அந்தப் பிள்ளை தாண்டிய தூரம் கையிலேயே போய்விடும். ஈர மண்ணில் விரல் நுனி பட்டால்கூடத் தெரியும்.

ஆகவே விட வேண்டாம். தினமும் நின்ற இடத்திலிருந்தே பத்து முறை மணலில் தாண்டுங்கள். கை இரண்டும் முன்னால் வரட்டும், உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியேறுங்கள். தோழி ஒருத்தியை நிற்கவைத்து, பின்னால் கைத்தடம் விழுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் ரன்-அப் எத்தனை அடி, எத்தனை ஸ்டெப், செக் மார்க் எங்கே வைக்கிறீர்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதைப் பார்க்கலாம்.