முட்டளவு தண்ணீருக்கு மூவாயிரம் டாலர் கயாக்கா?

கேள்வி: ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். டெக்சஸ் கடற்கரையில் கயாக்கில் (துடுப்பு வலிக்கும் குறுகிய சிறு படகு) போய் ரெட்ஃபிஷ் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. கடையில் பெடல் வைத்த கயாக்கைக் காட்டி 3,000 டாலர் என்கிறார்கள். "காலால் மிதித்தால் போதும், கை ரெண்டும் தூண்டிலுக்கு" என்பது அவர்கள் வாதம். வாங்கலாமா? மீனை விற்றுக் கொஞ்சம் காசைத் திரும்ப எடுக்க முடியுமா?

பதில்: இரண்டாவது ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். கடலில் பிடித்த ரெட்ஃபிஷை விற்க டெக்சஸில் 1981 முதல் தடை. கடையில் கிடைப்பது பண்ணை மீன். நாளைக்கு மூன்று மீன், ஒவ்வொன்றும் 20 முதல் 28 அங்குலத்துக்குள் என்பது வீட்டுக்கு எடுத்துப்போக இருக்கும் பொதுவான வரம்பு. செப்டம்பரில் விதிகள் மாறுவதுண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கயாக். ரெட்ஃபிஷ் நம் ஊர்க் கத்தாழை மீனுக்கு உறவு. நண்டும் இறாலும் தேடிக் கடற்புல் மேட்டுக்கு, முழங்கால்கூட நனையாத தண்ணீருக்கு வரும். தலையைக் கீழே குத்திக் கிளறும்போது, கரும்புள்ளி வைத்த வால் மட்டும் வெளியே நின்று ஆடும். அந்த இடத்தில், படகுக்கு அடியில் பெடல் இயக்கும் துடுப்பு புல்லிலும் சிப்பியிலும் உரசும். அதைத் தூக்கி வைத்துவிட்டுக் கைத்துடுப்பால்தான் வலிக்க வேண்டும். தோள் வலி உள்ளவருக்கும், ஆழமான விரிகுடாவில் தூரம் போகிறவருக்கும் பெடல் நல்லதுதான். உங்களுக்கு இப்போது தேவையில்லை.

மேலே உட்காரும் வகையில், 11 அல்லது 12 அடி நீளத்தில், பழைய கயாக் ஒன்று பாருங்கள். வாங்கும் முன் ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் போய்வந்தால் இன்னும் நல்லது. நான் முதலில் வாங்கியது பளபளவென்று இருந்தது. தண்ணீர் வடியும் துளையின் உள்விளிம்பில் மயிரிழை விரிசல். தள்ளுவண்டியின் கம்பியை அந்தத் துளைக்குள் செருகிச் செருகி வந்தது. விற்றவர் வாய் திறக்கவில்லை, நானும் குனிந்து பார்க்கவில்லை. கயாக் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் பசை லேசில் ஒட்டாது, விரிசலை அடைப்பது கஷ்டம். அதனால் தயங்காமல் உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள், கசிவு இருந்தால் வெளியே தெரியும். உத்தரவாதத்தையும் கேளுங்கள். பல நிறுவனங்கள் முதலில் வாங்கியவருக்குத்தான் தருகின்றன.

தூண்டிலுக்கு நடுத்தர ராடு ஒன்று, புல் சிக்காத தங்கநிறக் கரண்டி (கரண்டி வடிவில் மினுங்கும் உலோகப் போலி இரை) இரண்டு போதும். மீனின் தலையில் போடாதீர்கள். அது போகிற வழியில், சற்று முன்னால் விழட்டும். துடுப்பு கயாக்கில் 'டொக்' என்று இடித்தால் அந்த மேட்டில் அன்றைக்கு வால் தெரியாது.

உரிமத்தில் கடல் மீன்பிடிப்புக்கான அனுமதி சேர்ந்திருக்க வேண்டும். வழக்கமான உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31இல் முடிந்துவிடும். ஜூலையில் போகிறீர்கள் என்றால், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பழக அரன்சஸ் பாஸ் பக்கம் லைட்ஹவுஸ் லேக்ஸ் கயாக் பாதை நல்ல இடம். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். முதுகில் மேல்பாதியில் மட்டும் நுரை வைத்தது கேளுங்கள். சீட்டில் சாய்ந்தால் இடிக்காது, கழற்றி வைக்கவும் தோன்றாது.