உச்சியில் நிற்கிற பந்து

கேள்வி: பந்தை நேர் மேலே எறிந்தால் உச்சியில் வேகம் பூஜ்ஜியம். அப்போது அதன் மேல் விசையும் பூஜ்ஜியம்தானே? பரீட்சையில் அப்படி எழுதி மார்க் போச்சு.
– பிளஸ் ஒன் மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மார்க் போனது நியாயம்தான் தங்கச்சி, ஆனால் இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் குறைவு, நானும் செய்தவன்தான். சில்வர் பீச் மணலில் நின்றுகொண்டு 200 கிராம் பந்து ஒன்றை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறாய் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் 10 மீட்டர் குறையும் (சரியாகச் சொன்னால் 9.8, கணக்குக்கு 10 போதும்), ஆக 2 விநாடியில், 20 மீட்டர் உயரத்தில், வேகம் தீர்ந்துவிடும். அந்தக் கணத்தில் விசையும் இல்லையென்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டல்லவா இருக்க வேண்டும்? விழுகிறதே! ஏறும்போதும் சரி, உச்சியிலும் சரி, இறங்கும்போதும் சரி, புவியீர்ப்பு அதே 2 நியூட்டன் விசையோடு கீழேதான் இழுக்கிறது. அப்புறம், படத்தில் 'கையின் விசை' என்று மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருப்பாயே, அதை அழித்துவிடு. பந்து கையை விட்டதுமே அந்த விசை முடிந்தது. கடற்காற்றின் தடையை நான் சேர்க்கவில்லை, உன் வினாத்தாளும் பெரும்பாலும் சேர்க்காது.